சாட்ஸ்வொர்த் கேசட் மாற்று நிலையமும் கிரேட் சாஸுகேயின் பழைய ஆட்டங்களும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்குத் தெற்கே சாட்ஸ்வொர்த்தில், பழைய வீடியோ கேசட்டுகளைக் கணினிக் கோப்புகளாக மாற்றித் தரும் சிறு நிலையம் ஒன்று இயங்கிவருகிறது. பெயர்ப்பலகையும் விளம்பரமும் இல்லாமல், ஒருவர் சொல்லி மற்றவர் அறிந்து வருவதையே நம்பி நடப்பதால், உரிமையாளரின் விருப்பப்படி அதன் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. திருமணக் கேசட்டுகளும் காவடித் திருவிழாக் கேசட்டுகளும் வந்து குவியும் அந்த இடத்திற்கு நான் எடுத்துச் சென்றவை, காலஞ்சென்ற என் மாமா 1990களில் வெளிநாட்டு இரசிகர்களோடு அஞ்சலில் மாற்றிக்கொண்ட ஜப்பானிய மல்யுத்தப் பதிவுகள். அவற்றில் பெரும்பகுதி ஒரே மனிதரைச் சுற்றியவை. முகமூடி அணிந்து மோதியவரும், வடகிழக்கு ஜப்பானில் மிச்சினோக்கு புரோ என்ற மல்யுத்த நிறுவனத்தைத் தொடங்கி நடத்தியவரும், 2003 ஏப்ரலில் இவாத்தே மாகாண மன்றத்திற்கு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவருமான கிரேட் சாஸுகேதான் அவர்.

இந்தப் பதிவுகளை மாற்றுவது எளிய வேலை அன்று. ஜப்பானியக் கேசட்டுகள் என்டிஎஸ்சி (NTSC) என்ற தொலைக்காட்சிப் பட முறையில் பதிவானவை. 1976இல் தொலைக்காட்சி வந்த நாள்முதல் தென்னாப்பிரிக்கா பின்பற்றியது பால் (PAL) என்ற வேறொரு முறை. முன்னதில் படத்திற்கு 525 கோடுகள், நொடிக்கு ஏறத்தாழ 60 அரைப்படங்கள் (ஒன்றுவிட்டு ஒரு கோடு மட்டும் கொண்ட பாதிப் படங்கள்). பின்னதில் 625 கோடுகள், 50 அரைப்படங்கள். முன்பு வேறொரு கடையில் இதே கேசட்டுகளில் ஒன்றைக் கொடுத்தபோது, அவர்கள் அதை நொடிக்கு 25 படங்களாகச் சுருக்கித் தந்தார்கள். மேல்கயிற்றிலிருந்து பாயும் ஒருவர் நடுவானில் இரண்டு முறை நின்று நின்று இறங்குவதாகத் தெரிந்த அந்தக் கோப்பை நான் முழுதாகப் பார்க்கவே இல்லை. சாட்ஸ்வொர்த் நிலையத்தில் என்டிஎஸ்சி கேசட்டை அதன் சொந்த முறையிலேயே ஓட்டும் கருவி இருக்கிறது; ஒவ்வொரு அரைப்படத்தையும் முழுப்படமாக விரித்து, நொடிக்கு 60 என்ற ஓட்டம் குறையாமல் தருகிறார்கள். கடலோர ஈரத்தில் நாடாவின் ஓரங்களில் படிந்திருந்த வெண்பூஞ்சையையும் முதலில் துடைத்தே ஓட்டினார்கள். மின்வெட்டு வந்தாலும் பதிவு நடுவில் அறுந்துபோகாதபடி மின்கலத் துணையும் வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் இது சிறிய விஷயமில்லை.

இந்தக் கவனத்தின் பயனை, 1994 ஏப்ரல் 16 அன்று டோக்கியோவின் ரியோகோக்கு அரங்கில், எடை குறைந்த பிரிவு வீரர்களுக்காக நடந்த சூப்பர் ஜே கோப்பைத் தொடரின் பதிவில் கண்ணாரக் கண்டேன். அரையிறுதியில் ஜூஷின் லைகரை எதிர்த்த சாஸுகே, பாய்வதற்காகக் கயிற்றின் மேல் தாவியபோது கால் வழுக்கிக் கீழே விழுகிறார். லைகர் ஏளனமாகக் கைதட்டுகிறார். அடுத்த கணமே சாஸுகே எழுந்து, லைகரின் தலையைக் கால்களால் கவ்விச் சுழற்றி வீழ்த்தி ஆட்டத்தை முடித்துவிடுகிறார். வழுக்கல், கைதட்டல், கவ்வல் என மூன்றும் சில நொடிகளுக்குள் நடந்து முடிகின்றன. படம் திக்கினால் அதில் ஒன்றுமே மிஞ்சாது. இறுதியாட்டத்தில் அவர் வைல்டு பெகாசஸிடம் தோற்றார் என்றாலும், சிறு நிறுவனம் ஒன்றின் தலைவர் பெரிய அரங்கில் மதிப்புப் பெற்ற இரவு அதுதான். 1996 ஆகஸ்டில் எடை குறைந்த பிரிவின் 8 பட்டங்களை ஒன்றாக்கிய ஜே கிரவுன் தொடரை அவர் வென்றதும், அதே ஆண்டு அக்டோபர் 10 அன்று அவருடைய நிறுவனம் நடத்திய நிகழ்ச்சியில் பிரித்தானிய மல்யுத்த வீரர் டைனமைட் கிட் தம் கடைசி ஆட்டத்தை ஆடியதும் மற்றக் கேசட்டுகளில் நன்றாகவே வந்திருக்கின்றன.

ஆனால் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது புகழ்பெற்ற அந்த ஆட்டங்களை அல்ல. இவாத்தேயிலும் அண்டை மாகாணங்களிலும் உள்ள சிற்றூர்களின் உடற்பயிற்சிக் கூடங்களில் எடுக்கப்பட்ட பதிவுகளையே. நிறம் மங்கிய அந்தக் கேசட்டுகளில், கூட்டத்தில் உள்ளவர்களின் முகங்கள் அடையாளம் தெரியும் அளவுக்குத் தெளிந்திருக்கின்றன. தரையில் விரிப்பிட்டு அமர்ந்த பாட்டிமார்களும், பள்ளிப் பிள்ளைகளும், வேலை முடித்து அப்படியே வந்த ஆடவர்களும் மல்யுத்த வளையத்திற்குக் கையெட்டும் தொலைவில் இருக்கிறார்கள். ஜப்பானிய மல்யுத்தம் டோக்கியோவை மையமாகக் கொண்டிருந்த காலத்தில், இவாத்தேயின் தலைநகரான மோரியோகாவில் பிறந்த சாஸுகே தம் சொந்த வட்டாரத்தையே தளமாக்கினார். கூடம் பிடிப்பது, நுழைவுச்சீட்டு விற்பது, அடுத்த ஆண்டும் அதே ஊருக்குத் திரும்பி வருவது என்பவை போட்டி அமைப்பாளரின் அன்றாட வேலைகள். ஜப்பானியத் தேர்தலில் வாக்காளர் தாம் விரும்பும் வேட்பாளரின் பெயரைத் தம் கையாலேயே சீட்டில் எழுத வேண்டும். 2003இல் அந்த மக்கள் எழுதியது அவருடைய மேடைப் பெயரைத்தான். புகழுக்கு விழுந்த வாக்கு என்று இதை ஒதுக்குவோரோடு நான் உடன்படவில்லை; தங்கள் ஊரைத் தேடி வந்த ஒருவரை அவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள் என்பதற்கு இந்தக் கேசட்டுகளே சான்று.

முகமூடியோடு மன்றத்தில் அமரலாகாது என்று சக உறுப்பினர்கள் சிலர் எதிர்த்தபோது, அது தம் முகமே என்பதில் அவர் உறுதியாக நின்றார். முகபாவம் ஓரளவு தெரியும்படி திருத்திய முகமூடியோடு அமர்ந்தார். மல்யுத்த நிறுவனத்தின் தலைமையைச் சக வீரர் ஜின்சேய் ஷின்சாக்கி ஏற்றார். 2007இல் சாஸுகே இவாத்தேயின் ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றார். குவாசுலு-நட்டாலில் வாழும் எனக்கு இது பொறாமையூட்டும் வரலாறு. அங்கே மக்கள் ஒரு மனிதரின் பெயரை எழுதினார்கள்; நாமோ 80 உறுப்பினர்கள் கொண்ட நம் மாகாணச் சட்டமன்றத்திற்குக் கட்சிப் பட்டியலைத்தான் தேர்ந்தெடுத்துவந்தோம். 2020இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அளித்த தீர்ப்பைத் தொடர்ந்து, 2024 தேர்தலில்தான் கட்சி சாராதவர் நிற்க வழி பிறந்தது.

நிலையத்தின் குறைகளையும் சொல்ல வேண்டும். வேலை மிகவும் மெதுவாக நடக்கிறது. அவசரமுள்ளவர்களுக்கு இது ஏற்ற இடமன்று. கேசட் உறைகளில் உள்ள ஜப்பானிய எழுத்தைப் படிக்க ஆளில்லாததால், கோப்புகளுக்கு வெறும் எண்களையே பெயராக இட்டுத் தருகிறார்கள். எந்த ஆட்டம் எந்தக் கோப்பில் இருக்கிறது என்பதை நாமே பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். சில கேசட்டுகளில் ஒலி இடப்பக்கம் மட்டுமே வந்ததைக் கேட்ட பிறகுதான் திருத்தினார்கள், முன்னதாகவே சோதித்திருக்கலாம். கட்டணத்தைக் கேசட்டின் எண்ணிக்கைக்கு அல்லாமல் பதிவு ஓடும் நேரத்திற்கு வாங்குவது, பாதி காலியான கேசட்டுகள் வைத்திருப்போருக்கு நியாயமான முறை.

கொண்டு செல்பவர்கள் இரண்டு வகைக் கோப்பும் கேட்டு வாங்குங்கள்: பார்ப்பதற்குச் சிறியது ஒன்று, பாதுகாப்பதற்கு, சுருக்கியதில் தரம் இழக்காதது மற்றொன்று. பின்னது ஒரு மணி நேரப் பதிவுக்கு ஏறத்தாழ 30 ஜிகாபைட் இடம் பிடிக்கும் என்பதால், வன்தட்டையும் நீங்களே எடுத்துச் செல்வது நல்லது. தவறுதலாகப் புதுப் பதிவு விழாதிருக்க, கேசட்டின் பதிவுத் தடுப்புத் துண்டு உடைக்கப்பட்டிருக்கிறதா என்பதை வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். இல்லையேல் உடைத்துவிட்டே ஒப்படையுங்கள்.