கரும்பு வெட்டு இயந்திர வாடகைச் சேவை: கரும்புக்குப் புதிதான ஊர்களில் எப்படி?

கள்ளக்குறிச்சி, விழுப்புரம் பக்கம் மேஸ்திரியிடம் சொன்னால் வெட்டு ஆள் வரும். கரும்பு இப்போதுதான் நுழைந்த ஊர்களில் அந்த ஏற்பாடு இல்லை. அதனால் ஆலை வழியாக வாடகைக்கு வரும் இயந்திரத்தைத்தான் நம்பவேண்டியிருக்கிறது. வேலை அருமை: கொழுந்தாடையை (நுனித் தழையை) கழித்து, அடியோடு வெட்டித் துண்டாக்கி, சோகையை (காய்ந்த இலையை) விசிறியால் ஊதித் தள்ளிவிட்டுப் பக்கத்தில் ஓடும் வயல் வண்டியில் கொட்டிவிடுகிறது. சேவை சறுக்குவது வண்டிக் கணக்கில்தான்.

மணிக்கு 15 டன் வெட்டினால், 4 டன் பிடிக்கும் வயல் வண்டி 16 நிமிடத்தில் நிரம்பும். ரோட்டோர லாரியில் கொட்டிவிட்டுத் திரும்ப அதற்கு மேல் ஆகுமென்றால் இரண்டு வண்டி போதாது, மூன்றாவது வேண்டும். இல்லையேல் இயந்திரம் சும்மா நிற்கும். லாரியில் நாலு பக்கமும் அடைப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் துண்டுகள் வழியெல்லாம் சிந்தும்.

துண்டுக் கரும்பு காத்திருக்காது. வெட்டுவாய்கள் அதிகம் என்பதால் பாக்டீரியா சீக்கிரம் ஏறி, சர்க்கரை இறங்கி, சாறு கொழகொழத்துப்போகும். முழுக் கரும்பை 24 மணி நேரத்துக்குள் அரைக்கவேண்டும் என்றால், துண்டை 12 மணி நேரத்துக்குள் அரைப்பது நல்லது. ஆலை வாசலில் வரிசை நீண்டிருக்கும் நாளில் வெட்டைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள்.

வயல் தயாரிப்பு நடவிலேயே தொடங்குகிறது. பாருக்குப் பார் (வரிசைக்கு வரிசை) 5 அடி விடுங்கள். 3 அடியில் நட்டிருந்தால் சக்கரம் தூரின்மேல் ஏறி மறுதாம்பு (வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும் பயிர்) கெடும். அந்த வயலுக்கு இந்தச் சேவையைப் பரிந்துரைக்க மாட்டோம், வெளியூர் ஆட்களை முன்கூட்டியே பேசிவையுங்கள். வண்டி திரும்ப ஓரத்தில் 15 அடி வேண்டும். வெட்டுக்கு 15 நாள் முன்பே தண்ணீரை நிறுத்தி, சொட்டுநீர்க் குழாயைச் சுருட்டி, கல்லைப் பொறுக்கிவிடுங்கள். கல் பட்டு மழுங்கிய கத்தி அடிக்கட்டையைப் பிளந்துவிடும், துளிர்ப்பு குறையும். தொடங்குமுன் கத்தியைப் பார்த்துவிடுவது உங்கள் உரிமை.

புதிய ஊர்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கரும்பு இருக்கும். இயந்திரத்தை இடம் மாற்றுவதிலேயே பொழுது போய்விடும். ஒரே மாதத்தில் நட்ட பக்கத்து வயல்காரர்கள் சேர்ந்து ஒரே கட்டிங் ஆர்டராக (ஆலை தரும் வெட்டு உத்தரவாக) கேளுங்கள். கரும்போடு வரும் கழிவுக்கு எடையில் எத்தனை சதவீதம் பிடிப்பார்கள் என்பதையும் வெட்டுக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். 1966ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பு கொடுத்த 14 நாளுக்குள் பணம் வரவேண்டும்.