ஸ்டாரா, அணியா, ஒரு சொல்லா?

நான் பாடமெடுக்கும் நான்காம் வகுப்பில், பிள்ளைகளை ஒழுங்காக நடக்கவைக்க, நல்லது செய்தால் ஸ்டார் ஒட்ட ஆரம்பித்து மூன்றாவது வாரம். தரையில் கிடந்த பென்சில் சீவலைப் பொறுக்கிக் குப்பைத்தொட்டியில் போட்ட பையன் நேராக என் மேசைக்கு வந்தான். "மிஸ், இதுக்கு ஸ்டார் உண்டா?" இல்லை என்றேன். மறுநாள் சீவல் கிடந்த இடத்திலேயே கிடந்தது.

ஸ்டார் உடனே வேலை செய்யும். காலையில் வந்ததும் வீட்டுப்பாட நோட்டை அடுக்கி வைப்பது மாதிரி புதுப் பழக்கத்தைத் தொடங்கிவைக்க நல்ல வழி. பிள்ளை ஏற்கெனவே ஆசையாகச் செய்வதற்கு ஒட்டினால்தான் வம்பு. லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மூவரும் 1973-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. படம் வரைவதில் ஆர்வமுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளில் சிலரிடம் "வரைந்தால் சான்றிதழ்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். ஓரிரு வாரம் கழித்துப் பார்த்தால், அவர்கள் வரைந்த நேரம் மற்றவர்கள் வரைந்ததில் ஏறத்தாழ பாதிதான். சொல்லாமல் கொள்ளாமல் அதே சான்றிதழைப் பெற்றவர்களுக்கு ஆர்வம் குறையவில்லை. பேரம்தான் கெடுத்திருக்கிறது.

வகுப்பு முழுக்கச் சந்தைக்கடையாக இருந்தால் அணி விளையாட்டுதான் கைகொடுக்கும். 1969-இல் அமெரிக்காவில் ஒரு நான்காம் வகுப்பில் இதைச் சோதித்தார்கள். வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்து, யாராவது அனுமதியில்லாமல் எழுந்தாலோ பேசினாலோ அந்த அணிக்குக் கரும்பலகையில் ஒரு கோடு. கோடு குறைந்த அணிக்குச் சலுகை; இரண்டுமே குறைவாக வாங்கினால் இரண்டுக்கும். சத்தம் மளமளவென்று குறைந்தது. ஆனால் இரண்டு பேர் விளையாட மறுக்க, அவர்களைத் தனி அணியாக்க வேண்டியிருந்தது. என் வகுப்பிலும் அதே கதைதான்: "உன்னாலதான் தோத்தோம்" என்று ஒருவனையே எல்லோரும் முறைப்பார்கள். அவனுக்கு அது அடியைவிடக் கொடுமை.

(பிரம்பை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. கல்வி உரிமைச் சட்டம் 2009, 17-ஆம் பிரிவிலேயே அதற்குத் தடை.)

மூன்றாவது, செய்தது இன்னதென்று குறிப்பிட்டுச் சொல்லிப் பாராட்டுவது. என் ஓட்டு இதற்குத்தான். பொத்தாம்பொதுவான "வெரி குட்" இதில் சேராது. நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் ஒவ்வொருவரையும் கவனிக்க நேரம் கிடைக்காது என்பது உண்மைதான். பலனும் மெதுவாகத்தான் வரும். சீவல் பையனிடம் அப்புறம் ஒருநாள் சொன்னேன்: "உன் பெஞ்சுக்கு அடியில இன்னைக்கு ஆயாம்மா குனியவே வேண்டியிருக்கலடா." ஒன்றும் பேசாமல் போய்விட்டான். மறுநாள் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் நின்று சீவிக்கொண்டிருந்தான். அதற்கடுத்த நாள் மறந்துவிட்டான்.