முதியோருக்கான இலவச மருத்துவ ஆலோசனை: வாசலுக்கு வருவதா, தொலைபேசியா, திரையா?

தமிழ்நாட்டில் அறுபது வயதைக் கடந்த ஒருவர் காசு செலவில்லாமல் உடல்நல ஆலோசனை பெற இன்று முக்கியமாக நான்கு வழிகள் உள்ளன. மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்கே வருகிறது. 104 தொலைபேசியில் பதில் சொல்கிறது. 14567 முதியோருக்கென்றே ஏற்பட்ட உதவி எண். இ-சஞ்சீவனி கைப்பேசித் திரையில் மருத்துவரைக் கொண்டுவருகிறது. நான்கும் அரசு சார்ந்தவை, நான்கும் இலவசம் என்பதால், ஒன்று இருந்தால் மற்றது எதற்கு என்று பல குடும்பங்கள் நினைக்கின்றன. நோய் வருமுன் காப்பதற்கு எது உதவுகிறது என்ற கேள்வியை முன்வைத்துப் பார்த்தால், இவை ஒன்றுக்கொன்று மாற்றாக முடியாது என்பது தெரியவரும்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவத்தின் பலம், யாரும் கேட்காமலே அது வருவதுதான். இரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பெரும்பாலும் வலியோ அறிகுறியோ இல்லாமல் ஆண்டுக்கணக்கில் உடம்பில் தங்கியிருப்பவை. 'எனக்கு ஒன்றுமில்லை' என்று உறுதியாக நம்பும் எழுபது வயதுக்காரர் எந்த எண்ணையும் அழைக்கப்போவதில்லை, எந்தச் செயலியையும் திறக்கப்போவதில்லை. அவர் வீட்டு வாசலில் பெண் சுகாதாரத் தன்னார்வலர் வந்து நின்று, கையில் பட்டையைச் சுற்றி அளந்து பார்த்தால்தான் விஷயம் வெளியே வரும். நடமாட முடியாதவர்களுக்கு மாத்திரையும், இயன்முறை சிகிச்சையும், வலி தணிப்புச் சேவையும் வீட்டிலேயே கிடைக்கின்றன. தொற்றா நோய்களுக்கான ஐ.நா. அமைப்புகளின் பணிக்குழு 2024-இல் இத்திட்டத்துக்கு விருது அளித்தது.

இரத்தக் கொதிப்பை அளக்கும் முறையில்தான் கவனம் வேண்டும். கொல்லைப்புறத்திலிருந்து அவசரமாக வந்த பாட்டியை அப்படியே திண்ணையில் உட்காரவைத்து, கை தொங்க, பேச்சும் நடந்துகொண்டிருக்கும்போது அளந்தால், கருவி உள்ளதைவிடக் கூடுதலாகவே காட்டும். ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து அமைதியாக உட்கார்ந்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு மட்டத்தில் தாங்கலாக வைத்து அளப்பதே சரியான முறை. அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காப்பி, தேநீர், புகை கூடாது. தன்னார்வலருக்குப் பல வீடுகள் காத்திருக்கும் என்பதால், அந்த ஐந்து நிமிடத்தை வீட்டில் இருப்பவர்கள் முன்கூட்டியே ஏற்பாடு செய்துவைப்பது நல்லது. ஒரு முறை கூடுதலாகக் காட்டியதை வைத்து மாத்திரையைத் தாமே கூட்டிக்கொள்வதும், ஒரு முறை சரியாக இருந்ததால் நிறுத்திவிடுவதும் ஒரே அளவு ஆபத்தானவை.

104 எண்ணின் இயல்பு நேர் எதிரானது. 2013 டிசம்பரில் தொடங்கப்பட்ட இந்தச் சேவை இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது. ஆனால், கேள்வி நம்மிடமிருந்து பிறக்க வேண்டும். கேள்வி தெளிவாக இருந்தால் இதைவிடச் சுலபமான வழி இல்லை. காலையில் போட வேண்டிய மாத்திரையை மறந்துவிட்டால் இரவில் இரண்டாகப் போடலாமா என்பது போன்ற ஐயங்களை, அவற்றுக்காகவே பேருந்து ஏறி மருத்துவமனைக்குப் போக யாரும் துணியாத காரணத்தால், இங்கேதான் கேட்க வேண்டும். மாத்திரை அட்டையையும் கடைசிப் பரிசோதனைச் சீட்டையும் கையில் வைத்துக்கொண்டு பேசுவது அவசியம். 'வெள்ளை மாத்திரை, சின்னது' என்று சொன்னால் மறுமுனையில் இருப்பவரால் எதுவும் செய்ய இயலாது. காது மந்தமானவர்களுக்குத் தொலைபேசி ஒத்துவராது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மகளோ பேரனோ உடனிருந்து பேசுவது நல்லது. முகம் ஒரு பக்கம் கோணி, கை தளர்ந்து, பேச்சு குழறினால் இந்த எண்ணில் ஆலோசனை கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. பக்கவாதத்தில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்துக்குப் பொதுவாக நான்கரை மணி நேரம்தான் அவகாசம். உடனே 108 அழைக்க வேண்டும்.

14567-ஐயும் மருத்துவ ஆலோசனை எண் என்று நினைக்கும் குழப்பம் பரவலாக உண்டு. 2021 அக்டோபர் 1 அன்று நாடு முழுவதற்குமாக அறிமுகமான இது, ஒன்றிய சமூக நீதித் துறையின் சேவை. காலை 8 முதல் இரவு 8 வரை இயங்கும். ஓய்வூதியம், பெற்றோர் பராமரிப்புச் சட்டம், முதியோர் இல்லம், வீட்டில் நேரும் கொடுமை, தனிமை ஆகியவற்றுக்கு இதுவே உரிய இடம். சர்க்கரை அளவைப் பற்றிக் கேட்க இது ஏற்றதல்ல. ஆயினும், தனியாக இருக்கும் முதியவர் சாப்பாட்டையும் மாத்திரையையும் கைவிடுவதற்கு மனச்சோர்வு காரணமாக இருக்கும்போது, நோய்த் தடுப்பும் இங்கிருந்தே தொடங்குகிறது என்பேன்.

இ-சஞ்சீவனி 2020 ஏப்ரலில், ஊரடங்கின்போது, வீட்டிலிருந்தே மருத்துவரைக் காண வழிசெய்தது. மருத்துவரின் முகத்தைப் பார்க்கலாம், மருந்துச் சீட்டும் கிடைக்கும். ஆனால், கைப்பேசிக்கு வரும் கடவுஎண் (ஓ.டி.பி.) வாங்கிப் பதிவுசெய்து வரிசையில் காத்திருக்கும் வேலையை வேறொருவர் செய்துதர வேண்டியிருப்பதால், பெரும்பாலான முதியோரைப் பொறுத்தவரை இது பேரப்பிள்ளை விடுமுறையில் வந்தால் மட்டும் இயங்கும் மருத்துவமனை. (குடும்ப வாட்ஸப் குழுவில் வரும் கருஞ்சீரக வைத்தியத்தையும் இலவச ஆலோசனை என்று கணக்கில் சேர்ப்பவர்கள் உண்டு, அதை நம்பிச் சர்க்கரை மாத்திரையை நிறுத்துவது ஆபத்து என்பதைத் தவிர அதைப் பற்றிச் சொல்ல வேறெதுவும் இல்லை.)

ஆகவே, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் நான் வீட்டுக்கு வரும் சேவையைத்தான் சொல்வேன். அதிலும் ஒரு குறை தெரிகிறது. கொதிப்பும் சர்க்கரையும் எண்ணாகப் பதிவாகின்றன. கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கு இல்லாதது பதிவாவதில்லை. முதுமையில் இடுப்பெலும்பு முறிவுக்குப் பெரும்பாலும் கீழே விழுவதே காரணம். வீட்டுக்குள் வந்து நிற்கும் ஒருவருக்குத்தான் வழுக்கும் தரையும், பிடிமானம் இல்லாத சுவரும், படுக்கையிலிருந்து சட்டென எழுந்து தள்ளாடும் ஆளும் கண்ணில் படும். தொலைபேசியாலோ திரையாலோ பார்க்க முடியாத இதைப் பார்க்கும் வாய்ப்பு ஏற்கெனவே வாசல்வரை வந்திருக்கிறது. தன்னார்வலரின் பதிவேட்டில் இதற்கென நான்கு வரி சேர்ப்பதற்குப் பெரிய செலவு ஆகப்போவதில்லை.

தடுப்பூசியில் மட்டும் நான்கும் சமம், எதுவும் அதைத் தருவதில்லை. தேசியத் தடுப்பூசித் திட்டம் குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் மனத்தில் கொண்டு அமைந்தது. முதியோருக்கு மருத்துவர்கள் பரிந்துரைக்கும் ஃப்ளூ, நிமோகாக்கல் தடுப்பூசிகள் அதில் முதியோருக்கு வழக்கமாக இலவசமாகத் தரப்படுவதில்லை. எது, எப்போது, யாருக்குத் தேவை என்ற விளக்கத்தை 104-இல் கேட்டுப் பெறலாம். ஊசிக்கு மட்டும் பெரும்பாலும் கையிலிருந்துதான் பணம் கொடுக்க வேண்டியிருக்கிறது.