மறைத்துச் செல்லும் கைத்துப்பாக்கி: நியூயார்க் வழியா, டெக்சாஸ் வழியா?

கைத்துப்பாக்கிக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கிய 1911 சல்லிவன் சட்டத்தின் வழிவந்த முறையில், நியூயார்க்கில் சாதாரண ஆள் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல உரிமம் பெறுவது குதிரைக்கொம்பாக இருந்தது. "எனக்குத் தனிப்பட்ட ஆபத்து இருக்கிறது" என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. அதை ஏற்பதும் மறுப்பதும் அதிகாரியின் விருப்பமாக இருந்தது. செல்வாக்குள்ளவருக்குக் கதவு திறக்கும், கடைக்காரருக்குத் திறக்காது என்ற புகார் நியாயமானதுதான். 2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் அந்த நிபந்தனையை ரத்து செய்தது.

மாநிலம் சும்மா இருக்கவில்லை. அதே செப்டம்பரிலேயே புதுச் சட்டம்: 21 வயது, நன்னடத்தைக்குச் சாட்சி சொல்ல நான்கு பேர், நேர்காணல், 16 மணி நேர வகுப்பு, 2 மணி நேரம் சுட்டுப் பழகும் பயிற்சி. சமூக ஊடகக் கணக்குகளையும் கேட்டார்கள். அந்தக் கோரிக்கை நீதிமன்றத்தில் நிற்கவில்லை. நிற்கவும் கூடாது.

டெக்சாஸில் 2021 செப்டம்பர் முதல் உரிமமே கட்டாயமில்லை. அப்போதைய விதிப்படி 21 வயதாகி, சட்டம் விலக்கிய குற்றப் பின்னணி இல்லாவிட்டால் போதும். விரும்பினால் உரிமம் எடுக்கலாம். பிற மாநிலங்களுக்குப் போகும்போது உதவும். ஆனால் இதுவரை துப்பாக்கியே தொடாதவர்கூட இடுப்பில் செருகிக்கொண்டு சந்தைக்குப் போகலாம் என்பதுதான் இடிக்கிறது.

நான் தேர்ந்தெடுப்பது நியூயார்க்கின் பயிற்சி நேரத்தை. "நன்னடத்தை" என்ற வழுக்கலான சொல்லை அல்ல. அது பழைய அதிகாரி விருப்பத்தைப் பின்வாசல் வழியே கொண்டுவரும். குடும்ப வன்முறைத் தடையாணை உள்ளவரிடமிருந்து ஆயுதத்தை விலக்கலாம் என்று 2024இல் உச்ச நீதிமன்றம் 8-1 எனச் சொன்னது. விலக்குக்கு அப்படித் தெளிவான காரணம் வேண்டும்.