அவகாடோ சாலட் டிரெஸ்ஸிங்: தயிரா, ஆலிவ் எண்ணெயா?

நன்கு பழுத்த அவகாடோ ஒன்று, எலுமிச்சைச் சாறு 1 மேசைக்கரண்டி, ஒரு பல் பூண்டு, உப்பு. இதுவரை இரண்டுக்கும் ஒன்றேதான்.

கால் கப் கெட்டித் தயிர் சேர்த்து மிக்ஸியில் அடித்தால் லேசான புளிப்போடு வெளிர்பச்சையாக வரும். மறுநாள் கொஞ்சம் நீர்விட்டு நிற்கும், கலக்கினால் சரியாகிவிடும்.

ஆலிவ் எண்ணெய் 2 மேசைக்கரண்டியும் சிறிது தண்ணீரும் என்றால் பளபளப்பு கூடும், பழத்தின் சுவையும் தயிருக்குள் ஒளியாது. ஆனால் நெடுநேரம் அடித்தால் எண்ணெய் கசப்புத் தட்டலாம். கடைசியில் ஊற்றி ஒரே சுற்று போதும். அவகாடோவிலேயே கொழுப்பு ஏராளம், அதன்மேல் எண்ணெயும் சேர்ந்தால் எனக்குத் திகட்டுகிறது. பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இதுதான் வழி. மற்றபடி என் ஓட்டு தயிருக்கே.

எதுவானாலும் காற்றுபட்டால் கறுக்கும். மேற்பரப்பை ஒட்டி மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள்.