ஈயம் அளக்க: தேய்த்துத் தீட்டும் மின்முனையா, தூக்கிப்போடும் ஸ்ட்ரிப்பா?

குடிநீரில் லிட்டருக்கு ஈயம் 10 மைக்ரோகிராம், காட்மியம் 3 மைக்ரோகிராம். குடிநீருக்கான இந்தியத் தரக் குறியீடான ஐ.எஸ். 10500 விதிக்கும் வரம்பு இது. உலோகத்தை மின்முனையில் படியவைத்து, திரும்பக் கரைக்கும்போது எழும் மின்னோட்ட முகட்டை அளப்பது ஆனோடிக் ஸ்ட்ரிப்பிங். இந்த முறையில் இதைப் பிடிக்க, மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கருவியான ஒரு பொட்டன்ஷியோஸ்டாட் போதும். எந்த மின்முனை என்பதில்தான் தகராறு. பாதரசப் படலம் நன்றாகவே வேலை செய்யும், ஆனால் கழிவை எங்கே கொட்டுவது? 2000-இல் ஜோசப் வாங் குழு பிஸ்மத் படலத்தைக் காட்டியபின், ஈயம், காட்மியம் இரண்டுக்கும் பாதரசம் தேவைப்படுவதில்லை. பிஸ்மத் படலத்தைத் தாங்க மிச்சம் இரண்டு: 3 மி.மீ. கிளாஸி கார்பன் (கண்ணாடி போன்ற கடினக் கார்பன்), கார்பன் மையில் அச்சிட்ட ஸ்ட்ரிப். என் ஓட்டு கிளாஸி கார்பனுக்கு.

ஸ்ட்ரிப்பின் வசதி தெரிந்ததுதான்: சில துளி நீர், கிணற்றடியிலேயே முடிவு. அதன் ஒப்பு மின்முனை (மின்னழுத்தத்தை ஒப்பிட்டு அளக்கும் முனை) பெரும்பாலும் வெறும் வெள்ளிப் பூச்சு. குளோரைடு மாறினால் முகடும் இடம் நகரும். பஃபரில் (பி.எச். மாறாமல் காக்கும் கரைசலில்) 0.1 மோலார் பொட்டாசியம் குளோரைடு சேர்த்தால் அது பெருமளவு அடங்கிவிடும்.

அடங்காதது பரப்பு. ஸ்டாண்டர்டு அடிஷனுக்கு (தெரிந்த அளவு ஈயம் சேர்த்து, முகடு எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கும் முறை) ஒரே பரப்பில் மூன்று நான்கு ஓட்டம் வேண்டும். கார்பன் மையின் பரப்பு கடைசி ஓட்டம்வரை அப்படியே இருக்கும் என்று நம்ப முடியாது. கெட்டால் சரிசெய்யவும் வழியில்லை. கிளாஸி கார்பனை 0.3, பிறகு 0.05 மைக்ரான் அலுமினாக் குழம்பில் எட்டு வடிவில் தேய்த்தால் புதிதாகிவிடும். அல்ட்ராசோனிக்கில் ஒரு நிமிடம் போதும், நேரம் கூடினால் உறையின் ஒட்டு விடும். பெரிசயனைடு கரைசலில் மின்னழுத்தத்தை முன்னும் பின்னும் ஓட்டிப் பாருங்கள்: இரு முகடுகளின் இடைவெளி 80 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் சரி, 100 தாண்டினால் மறுபடி தேய்க்க வேண்டியதுதான்.

அளக்க: 9 மி.லி. நீர், 1 மி.லி. 1 மோலார் அசிடேட் பஃபர் (பி.எச். 4.5), லிட்டருக்கு 400 மைக்ரோகிராம் பிஸ்மத். கலக்கியபடி -1.2 வோல்ட்டில் 120 விநாடி, கலக்காமல் 10 விநாடி, பிறகு ஸ்கொயர் வேவ் (சதுர அலைத் துடிப்புகளோடு மின்னழுத்தத்தை ஏற்றுவது). காட்மியம் -0.8 பக்கம், ஈயம் -0.55 பக்கம் எழும். அடுத்த ஓட்டத்துக்கு முன் +0.3-இல் 30 விநாடி வைத்தால் பழைய படலம் கரைந்துவிடும்.

பலரும் சறுக்குவது கணக்கில். ஈய முகடு 2 மைக்ரோஆம்பியர். லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஈயக் கரைசலில் 100 மைக்ரோலிட்டர் விட்டதும் 4 ஆகிறது. கலத்தில் ஈயம் லிட்டருக்கு 9.8 மைக்ரோகிராம் என்று வரும், 'தேறிவிட்டது' என எழுதிவிடுவார்கள். பஃபர் கலந்ததற்கு 10/9-ஆல் பெருக்கினால் 10.9, வரம்புக்கு மேல்!

பித்தளைக் குழாய் நீரில் செம்பு இருந்தால் ஈய முகடு அமுங்கும், 0.1 மில்லிமோலார் அளவு பெரோசயனைடு செம்பைக் கட்டிப்போடும். கரிமப் பொருள் மிகுந்த குளத்து நீருக்கு இந்த முறையை இதே உறுதியோடு சொல்ல மாட்டேன். அமிலத்தில் செரித்த பிறகே நம்பலாம். ஆர்செனிக்குக் கேட்டால் தங்க மின்முனைதான்.

'இருக்கிறதா, இல்லையா' என்று களத்தில் சலிக்க ஸ்ட்ரிப் போதும். 8 மைக்ரோகிராமுக்கும் 12-க்கும் வித்தியாசம் சொல்ல வேண்டிய நீரைப் பாலித்தீன் குப்பியில், நைட்ரிக் அமிலம் விட்டுப் பி.எச். 2-க்குக் கீழே இறக்கிக் கொண்டுவாருங்கள். அந்த அமிலம் பஃபரைத் தின்றுவிடும், அதனால் அளக்குமுன் பி.எச். 4.5-க்கு ஏறியதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.