லேபிளில் லாவெண்டர், உள்ளே லாவண்டின்: 650 ரூபாய் பாட்டில் ஒன்றின் கதை

சோப்பு, தலையணை ஸ்ப்ரே, மசாஜ் எண்ணெய் செய்பவர்கள் கவனத்துக்கு. ‘100% தூய லாவெண்டர் எசென்ஷியல் ஆயில், தெரபியூடிக் கிரேடு’ (செடியிலிருந்து காய்ச்சி வடித்த வாசனை எண்ணெய், சிகிச்சைத் தரம்) என்று ஆன்லைனில் 650 ரூபாய்க்கு விற்ற 100 மி.லி. பாட்டிலில் இருந்தது லாவெண்டரே அல்ல, லாவண்டின் என்ற மலிவான கலப்பினச் செடியின் எண்ணெய். அதைக் காட்டிக்கொடுத்தது விற்றவரே அனுப்பிய ஆய்வறிக்கை! பணம் திரும்பி வரவில்லை. கடையின் பெயரைச் சொல்லிப் பயனில்லை, இதே சரக்கை வேறு பெயரில் விற்பவர்கள் நிறையப் பேர். பாட்டிலைப் பார்த்துக் கண்டுபிடிக்கத் தெரிந்தால் போதும்.

முதலில் பாட்டில். பழுப்பு நிற பிளாஸ்டிக், ரப்பர் குமிழ் வைத்த டிராப்பர் மூடி. இரண்டுமே தவறு. இந்த எண்ணெயின் ஆவி பட்டுப் பட்டு ரப்பர் உப்பிப் பிசுபிசுத்து, உள்ளேயே கரைந்து இறங்கும். தெரிந்தவர்கள் அடர்நிறக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி, அதன் வாயில் ஒவ்வொரு துளியாக விழும் பிளாஸ்டிக் அடைப்பு போட்டுத் தருவார்கள். லேபிளில் ஊதாப் பூ படம் இருந்தது, தாவரப் பெயர் இல்லை. உண்மையான லாவெண்டர் என்றால் ‘லாவண்டுலா அங்குஸ்டிபோலியா’ என்று எழுதியிருக்க வேண்டும். ‘பிரான்ஸ் இறக்குமதி’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள், இறக்குமதியாளர் பெயரையும் முகவரியையும் காணோம். பொட்டலப் பொருள் விதிப்படி அது கட்டாயம். தெரபியூடிக் கிரேடு என்பதோ எந்த அரசும் எந்தத் தர அமைப்பும் வரையறுக்காத சொல். விளம்பரத்துக்கென்றே பிறந்தது.

வீட்டுச் சோதனைகள் எல்லாவற்றிலும் இந்த எண்ணெய் தேறிவிட்டது. வெள்ளைத் தாளில் ஒரு துளி விட்டு ஒரு நாள் வைத்தால் எண்ணெய்க் கறை இல்லை. ஆகவே தேங்காய் எண்ணெயோ பாதாம் எண்ணெயோ கலக்கவில்லை. தண்ணீரில் விட்டால் பால்போல் கலங்கவில்லை, மேலே மிதந்தது. கரைப்பானோ, எண்ணெயைத் தண்ணீரோடு கலக்க வைக்கும் குழம்பாக்கியோ கலந்து நீட்டியதாகத் தெரியவில்லை. நிறமும் வெளிர் மஞ்சள்தான். (ஊதா நிறத்தில் வந்தால் யோசிக்கவே வேண்டாம், சாயம். பூவின் நிறம் காய்ச்சி வடித்த எண்ணெயில் வராது.) இந்தச் சோதனைகள் சில்லறைத் திருட்டைத்தான் பிடிக்கும். லாவண்டினும் காய்ச்சி வடித்த எசென்ஷியல் ஆயில்தானே, தாளில் எப்படிக் கறை விடும்?

மூக்குதான் முதலில் சந்தேகப்பட்டது. தாள் பட்டையில் ஒரு துளி விட்டு உடனே ஒரு முறை, பத்து நிமிடம் கழித்து ஒரு முறை, ஒரு மணி நேரம் கழித்து ஒரு முறை முகர வேண்டும். நல்ல லாவெண்டர் இனிப்பும் பச்சிலை வாசமுமாகத் தொடங்கி மெல்லத் தணியும். இது எடுத்த எடுப்பிலேயே பூஜை அறைக் கற்பூர நெடி அடித்தது.

எண்ணெயில் என்னென்ன எவ்வளவு என்று காட்டும் ஆய்வறிக்கையைக் கேட்டதும் தயங்காமல் அனுப்பினார்கள். அதில் இருந்த பேட்ச் எண் பாட்டிலில் இருந்த எண் அல்ல. அது ஒன்றே அறிக்கையை ஒதுக்கப் போதும். ஆனால் உள்ளே இருந்த எண்கள் இன்னும் சுவாரஸ்யம், மூக்கு சொன்னதையே அவையும் சொல்கின்றன: லினலூல் 31.8%, லினலைல் அசிடேட் 30.2%, 1,8-சினியோல் 5.6%, கற்பூரம் 7.3%. முதல் இரண்டும் லாவெண்டர் எண்ணெயின் முக்கிய வாசனைக் கூறுகள், அவை லாவெண்டருக்கு உரிய வரம்பில் அழகாக உட்கார்ந்திருக்கின்றன. பலரும் அந்த இரண்டு வரியோடு படிப்பதை நிறுத்திவிடுவார்கள். கீழே இறங்கிக் கற்பூரத்தைப் பாருங்கள். மருந்துகளின் தரத்தை வரையறுக்கும் ஐரோப்பிய மருந்துநூல் லாவெண்டர் எண்ணெய்க்கு அனுமதிப்பது அதிகபட்சம் 1.2% கற்பூரம், 2.5% சினியோல். ஆறேழு சதவீதக் கற்பூரம் என்றால் அது லாவண்டின், பெரும்பாலும் குரோசோ என்ற ரகம். உண்மை லாவெண்டரையும், ஸ்பைக் லாவெண்டர் என்ற கற்பூர நெடி கூடிய இன்னொரு இனத்தையும் இணைத்த கலப்பினம் இது. ஒரே அளவு நிலத்தில் லாவெண்டரைவிடப் பல மடங்கு எண்ணெய் தரும், அதனால்தான் மலிவு.

இதைச் சொன்னதும் வந்த பதில்கள் வரிசையாக: ‘இது பிரெஞ்சு லாவெண்டர், அப்படித்தான் இருக்கும்.’ ‘இயற்கைப் பொருள், மாறும்.’ கடைசியில், ‘சீல் உடைத்துவிட்டீர்கள், ரிட்டர்ன் கிடையாது.’ சீலை உடைக்காமல் எப்படி முகர்வது என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

இதைவிடக் கெட்டிக்காரத்தனமான கலப்படமும் உண்டு. லாவண்டினோடு செயற்கை லினலூலும் லினலைல் அசிடேட்டும் சேர்த்து, கற்பூர அளவைக் கீழே இறக்கிவிடுவார்கள். கூறுகளைப் பிரித்து அளக்கும் சாதாரண ஜிசி (வாயு நிறப்பிரிகை) அறிக்கையில் அது எளிதில் சிக்காது. செயற்கை லினலூலில் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இடக்கை, வலக்கை வடிவங்கள் சரிபாதியாக இருக்கும். செடியிலிருந்து வந்ததில் கிட்டத்தட்ட ஒரே வடிவம்தான். அதைப் பிரித்துக் காட்டும் ‘கைரல்’ சோதனையைத் தனியாகக் கேட்க வேண்டும். லிட்டர் கணக்கில் வாங்குபவர்களுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகும். கன்னோஜில் உள்ள நறுமண, சுவை மேம்பாட்டு மையத்தில் எண்ணெய்களைச் சோதித்துத் தருகிறார்கள்.

லாவண்டின் கெட்ட எண்ணெய் என்று சொல்ல வரவில்லை. சோப்புக்கும் தரை துடைக்கவும் நன்றாகவே உதவும். ஆனால் உள்ளே என்ன இருக்கிறதோ அதற்கேற்றபடிதான் கையாள வேண்டும். கற்பூரம் வயிற்றுக்குள் போனால் குழந்தைகளுக்கு வலிப்பு வரலாம். ‘குழந்தை தூங்க லாவெண்டர்’ என்று நம்பித் தொட்டில் பக்கம் வைக்கும் பாட்டிலில் 7% கற்பூரம் இருப்பது விலை ஏமாற்றோடு முடிகிற விஷயம் இல்லை.

பாட்டிலோடு வந்த துண்டுச் சீட்டு அதைவிட மோசம். ‘பாலில் 2 துளி கலந்து குடிக்கவும்’ என்று இருந்தது. குடிக்கவே கூடாது. ஜெர்மனியில் 80 மி.கி. லாவெண்டர் எண்ணெய் கேப்ஸ்யூல் மருந்தாக விற்கப்படுவது உண்மைதான். அது தரப்படுத்திய மருந்து, ஆன்லைன் பாட்டில் அல்ல. குழந்தை தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். பாட்டிலோடு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். எய்ம்ஸ் நச்சுத் தகவல் மையத்தின் இலவச எண் 1800 116 117.

‘தீக்காயத்தில் நேரடியாகத் தடவவும்’ என்பதும் சீட்டில் இருந்தது. தீக்காயத்துக்கு 20 நிமிடம் ஓடும் குழாய்த் தண்ணீர்தான் முதலுதவி, எந்த எண்ணெயும் அல்ல. ‘குளிக்கும் வாளியில் 10 துளி’ என்ற யோசனை இன்னொரு அபத்தம். எண்ணெய் தண்ணீரில் கரையாது, மேலே மிதக்கும். முதல் சொம்பு மொள்ளும்போதே அது மொத்தமும் வந்து, நீர்க்காத எண்ணெயாகத் தோலில் விழும். கண்ணில் பட்டால் கேட்கவே வேண்டாம்.

தோலுக்கு என்றால் உடலுக்கு 2%, முகத்துக்கு 1% போதும். 30 மி.லி. நல்லெண்ணெய் அல்லது தேங்காய் எண்ணெயில் 0.6 மி.லி. சேர்த்தால் 2%. துளிக் கணக்கு பாட்டிலுக்குப் பாட்டில் மாறும், ஒரு மி.லி.க்கு 20 துளியும் வரும், 30 துளியும் வரும். ஊசி இல்லாத 1 மி.லி. சிரிஞ்சில் ஒரு முறை எண்ணிப் பார்த்துப் பாட்டிலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கலந்ததை முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டுப் பிறகு பயன்படுத்துங்கள். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு வேண்டாம். பூனை வளர்க்கும் வீட்டில் வாசனையைக் காற்றில் பரப்பும் டிஃப்யூசரும் வேண்டாம், பூனையின் கல்லீரலால் இந்த எண்ணெயின் கூறுகளைச் சரியாக வெளியேற்ற முடியாது. மெழுகுவத்தி வைக்கும் பீங்கான் பர்னரில் தண்ணீர் வற்ற விடாதீர்கள். சுமார் 70 டிகிரி செல்சியஸுக்கு மேல் இந்த எண்ணெயின் ஆவி தீப்பிடிக்கும்.

நல்ல எண்ணெயும் கெட்டுப் போகும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. காற்று பட்டால் லினலூல் ஆக்ஸிஜனோடு சேர்ந்து ஹைட்ரோபெராக்ஸைடாக மாறுகிறது. லாவெண்டர் அலர்ஜி என்று வரும் அரிப்பில் பெரிய பங்கு அதற்குத்தான். பாதி காலியான பாட்டிலில் காற்றும் பாதி இருக்கிறது. சிறு பாட்டிலுக்கு மாற்றுங்கள், திறந்த தேதியை ஒட்டுங்கள், நம் ஊர் வெயிலுக்குக் குளிர்பெட்டியில் வையுங்கள், ஓராண்டுக்குள் தீர்த்துவிடுங்கள்.

விலையே பாதி உண்மையைச் சொல்லிவிடும். ஒரு கிலோ லாவெண்டர் எண்ணெய்க்கு நூறு கிலோவுக்கு மேல் பூ வேண்டும். பிரான்ஸ், பல்கேரியா மட்டுமல்ல, ஜம்மு காஷ்மீரின் பதர்வாவிலும், நறுமணப் பயிர்களை ஊக்குவிக்கும் அரசின் அரோமா மிஷன் திட்டத்தில் விவசாயிகள் லாவெண்டர் பயிரிட்டு எண்ணெய் எடுக்கிறார்கள். அங்கே மொத்தக் கொள்முதலிலேயே லிட்டர் பத்தாயிரம் ரூபாய் என்று செய்திகளில் வருகிறது. அப்படியிருக்க, பாட்டில், லேபிள், கூரியர், லாபம் எல்லாம் சேர்த்து 100 மி.லி. 650 ரூபாய்க்கு எங்கிருந்து வரும்?

பணம் கட்டும் முன்பே, அனுப்பப் போகும் பேட்ச்சின் அறிக்கையைக் கேளுங்கள். முதலில் 10 மி.லி. மட்டும் வாங்குங்கள். பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள், பேட்ச் எண் தெரிய வேண்டும். ஏமாந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இந்தப் பாட்டில் பற்றிய புகாரும் அங்கேதான் போயிருக்கிறது, இன்னும் பதில் வரவில்லை. மீதி 90 மி.லி.யின் லேபிளைக் கிழித்து ‘லாவண்டின், தரைக்கு மட்டும்’ என்று எழுதி ஒட்டியாயிற்று.